ஆறாம் நம்பருக்கு அஞ்சு ஃபவுல்

உக்காருங்க தாயி. மதுர வண்டிய நாலு நாப்பதுக்குத்தான் எடுப்பான். போர்டுல நாலரைன்னு எழுதியிருக்கும், அத நம்பாதீங்க. இதே பஸ் ஸ்டாண்டுல இருவத்தாறு வருசம் பிரைவேட் வண்டிகளுக்கு டைம் கீப்பரா இருந்தவன் சொல்றேன். எந்த டிரைவர் எத்தன நிமிசம் பொய் சொல்லுவான்னு எனக்கு அத்துபடி.

அந்தக் காயிதத்த முதல்ல பைக்குள்ள வைங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் போட மாட்டேன்னு சொல்றேன், கேட்டுக்கிட்டு வண்டியேறிப் போயிருங்க.

நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க. நீங்க தேனிப் பொண்ணு, பேரு இந்துமதி. எஸ்டோனியாங்கிற நாட்டுல கம்ப்யூட்டர் வேல பாக்குறீங்க. உங்க ஆபீஸ் இருக்குற ஊர்ல ரைவோன்னு ஒருத்தன் இருக்கான். ஒம்போது வருசத்துக்கு முந்தி எங்க கிளப்புக்கு ஒரே ஒரு சீசன் பேஸ்கட்பால் ஆட வந்தவன். அவன் சொந்த ஊரு கிளப்புக்கு இப்ப அறுவது வருசம் நெறையுது, அதுக்கு வரலாறுன்னு ஒரு புஸ்தகம் போடுறாய்ங்க. அதுல அவனுக்கு ஒரு பக்கம். ஆடுன காலம் பூரா ஒரு மேட்ச்லகூட அஞ்சு ஃபவுல் வாங்கி வெளிய போகாத மனுசன்னு அதுல போடணும். போட முடியல. ஏன்னா அவன் ஆடுன கடைசி மேட்ச்சு இந்த ஊர்ல நடந்துச்சு, அதுல அஞ்சு ஃபவுல் வாங்கி வெளிய போயிருக்கான். அத எழுதுனது நான். நான் எழுதுனது தப்புன்னு நானே கையெழுத்துப் போடணும். அம்புட்டுத்தான?

நல்லா இருக்கு. அவன் பக்கம் அழகா இருக்கணும்னு என் ஸ்கோர் ஷீட்டு அசிங்கப்படணும்.

எங்க கிளப்பப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? தேனியில இருக்குறவிங்களுக்கே தெரியாது. எழுவத்திரெண்டுல 'வைகறை கூடைப்பந்துக் கழகம்'னு ஆரம்பிச்சாய்ங்க. ஆரம்பிச்சது யாருங்கிறீங்க? தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருத்தரு, உரக்கடக்காரரு ஒருத்தரு, ரெண்டு வாத்தியாரு. விடியக்காலம் ஆடுனதால வைகறை. சாயங்காலம் ஆட முடியாது, அந்த எடத்துல நெல்லு காயப் போட்டிருப்பாய்ங்க. நாலு பேருல ஒருத்தருக்காவது ஓட்டம் இருந்துச்சான்னா கெடையாது. பந்த ஒருதரம் வளையத்துக்கு எறிஞ்சுட்டு இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிப்பாய்ங்க. அவிங்க போட்டோவத்தான் கிளப்புல மால போட்டு மாட்டி வச்சிருந்தாய்ங்க.

அப்புறம் ஏலக்கா ஏவாரி சோலையப்பன் வந்தாரு. சிமெண்டுத் தர போட்டாரு, கேலரி கட்டுனாரு, லைட்டுப் போட்டாரு, கிளப்பு பேரு 'சோலையப்பன் ஏலக்காய் வைகறை' ஆயிருச்சு. ஜெர்சில நெஞ்சுல ஏலக்கா படம். கொஞ்ச தூரத்துல நின்னு பாத்தா பச்சப் புழு ஒட்டியிருக்குற மாதிரி இருக்கும். மே மாச டோர்னமெண்டுக்கு வர்ற ரயில்வே டீமு, பாங்க் டீமு எல்லாம் பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாய்ங்க. அவரு மகன் தலையெடுத்து மசாலா கம்பெனி தொடங்குனாரு. உடனே கிளப்பு 'மலைச்சாரல் மசாலா சிறுத்தைகள்'. இந்த மலையில சிறுத்தைய எவன் பாத்தான்? ஆனா போர்டுல படம் போட்டாய்ங்க, அதுக்கு மீச வேற.

இத்தனையும் மாறுச்சு. மாறாதது ஒண்ணுதான், ஸ்கோரர் டேபிள். அதுல நடு நாற்காலி. முப்பத்தொரு வருசம் அதுல உக்காந்தவன் நான். பகல்ல இங்க வண்டி டயம் எழுதுவேன், சாயங்காலம் அங்க பாயிண்ட் எழுதுவேன். ரெண்டுலயும் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. பிளேயருங்க வருவாய்ங்க, ரெண்டு வருசம் தலமயிரச் சிலுப்புவாய்ங்க, அப்புறம் தொந்தி போட்டு செல்போன் கட வைப்பாய்ங்க. கோச்சு வருவான், விசில ஊதுவான், போவான். டேபிள்ல இருக்குறவன்தான் கிளப்பு. 'தனுஷ்கோடி எழுதிட்டானா, அப்ப சரி'ன்னு எதிர் டீமே சொல்லும். அது எத்தன வருசத்துச் சம்பாத்தியம்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது.

அப்பத்தான் அந்த லீக்கு வந்துச்சு. எட்டு டீமு, புரொஃபஷனல் லீக்கு, டிவில காட்டப் போறாய்ங்கன்னாய்ங்க. கடைசி வரைக்கும் ஒரு டிவியும் வரல, அது வேற கத. மசாலாக்காரரு எங்க டீமச் சேத்துவிட்டாரு. ஒரு டீமுக்கு ஒரு வெளிநாட்டுக்காரன் ஆடலாம்னு ரூலு. மத்த டீமெல்லாம் அமெரிக்காக்காரனக் கொண்டாந்தாய்ங்க, ஆறேமுக்கால் அடி, குதிச்சா வளையம் அதிரும். எங்களுக்கு வந்து சேந்தது ரைவோ. முப்பத்தேழு வயசு. முன்னந்தல முழுக்க வழுக்க. எதுத்தாப்புல இருக்குற லாட்ஜுல எறங்குனான், வெயிலப் பாத்தான், மூஞ்சி செவந்துச்சு, அப்புறம் அந்த சீசன் பூரா மூஞ்சி செவப்புத்தான்.

முத நாளு நான் மரியாதைக்கு 'ரஷ்யாவா'ன்னு கேட்டேன். ஆளு மொறச்சான் பாருங்க. அதுவரைக்கும் சாந்தமா இருந்தவன், கோச்சு பிரிட்டோவக் கூப்புட்டு பத்து நிமிசம் என்னமோ சொன்னான். அவிங்க நாடு தனி, பாஷ தனி, ரஷ்யாக்காரன் புடிச்சு வச்சிருந்தான், விட்டுட்டுப் போயிட்டான்னு பிரிட்டோ மொழிபெயர்த்தான். நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்? நம்ம தேனி மாவட்டத்துச் சனம் அம்புட்டுத்தானாம் அந்த நாட்டுல, மொத்தமாவே பதிமூணு லட்சம் பேருதானாம். அதுக்கு இம்புட்டு வீராப்பு.

சாப்பாட்டுக் கடையில உக்காந்து தயிர்ச்சோத்த ஸ்பூன்ல தின்னுக்கிட்டே அவன் கிளப்பு வரலாற ஒருநா முழுக்கச் சொன்னான். பால்பண்ணையில வேல பாத்தவிங்க ஸ்கூல் ஹால்ல ஆரம்பிச்சதாம். அப்ப ரஷ்யாக்காரன் காலம், கொஞ்ச வருசத்துல ஒரு கூட்டுப்பண்ணை பேரு. சுதந்திரம் வந்ததும் ஒரு பாங்க் பேரு. அந்த பாங்க் கவுந்து போச்சு. அடுத்து பீர் கம்பெனி பேரு. அப்புறம் ஆத்துக்கு அக்கரையில இருந்த எதிரி கிளப்போட சேத்துவிட்டு ரெண்டு பேரையும் ஒட்டவச்சு ஒரு பேரு, அதுல சண்ட, மூடிட்டாய்ங்க. அப்புறம் மேட்ச் பாக்க வர்ற சனமே ஒண்ணுகூடி பழைய பால்பண்ணை பேர்லயே திரும்பத் தொறந்துச்சாம். இதச் சொல்றப்ப அவனுக்குக் கண்ணு கலங்குது. எனக்குச் சிரிப்பா வருது. பேரே நெலைக்காத எடத்துல என்னத்த வரலாறு இருக்கும்? எங்க கிளப்பெல்லாம் அப்படி இல்ல. மொத்தமே மூணு பேருதான்.

அந்தக் கிளப்புல பதினாறு வருசம் ஆறாம் நம்பர் போட்டவனாம், ஒருதரம்கூட அஞ்சு ஃபவுல் வாங்குனதில்லையாம். இங்கயும் ஆறுதான் வேணும்னான். குடுத்தாய்ங்க.

ஆட்டம் எப்படிங்கிறீங்களா? குதிக்க மாட்டான். ஓட மாட்டான், நடப்பான். ஆனா போக வேண்டிய எடத்துக்கு முன்னாடியே போயி நின்னுக்குவான். எதிராளி வந்து மோதுனா அவனுக்குத்தான் ஃபவுல். காலைல ஆறு மணிக்கு வந்து தனியா ஃப்ரீ த்ரோ கோட்டுல நின்னு நூறு பந்து போடுவான். ஒருநா நான் போயி எண்ணுனேன், தப்பு கண்டுபுடிக்கத்தான் போனேன். நூத்துக்குத் தொண்ணூத்தினாலு. மிச்சம் ஆறுக்கும் கூச்சப்பட்டான். இதுல என்ன பெரும இருக்கு சொல்லுங்க, யாரும் தடுக்காத எடத்துல நின்னு பந்தப் போடுறதுக்கு.

எங்க ஊரு சனத்துக்கு உசுரு கிஷோரு. மசாலாக்காரரோட அக்கா மகன். நம்பர் இருவத்திநாலு. அவன் பந்த எடுத்துட்டு ஓடுனா கேலரி எந்திரிச்சு நிக்கும். பந்து வளையத்துல விழுகுதா இல்லையாங்கிறது அப்புறம். கொஞ்சம் கை சும்மா இருக்காது, யாரையாவது இழுத்துத் தள்ளிருவான். ஆனா அன்னைக்கு, நீங்க கேக்குற அந்த மேட்ச் அன்னைக்கு, தங்கமா ஆடுனான். ஷீட்டுல மூணே ஃபவுலு, மூணும் என் டேபிளுக்கு முன்னாடியே நடந்துச்சு, கண்ணால பாத்தே எழுதுனேன்.

இருங்க, வரிசையா வர்றேன். சீசன்ல நாங்க ஏழாவது. கடைசி ரெண்டு டீமும் ஒரு மேட்ச் ஆடணும். ஜெயிச்சவன் அடுத்த வருசமும் லீக்குல, தோத்தவன் வெளிய. ஜெயிச்சா கோர்ட்டுக்குக் கூரை போட்டுத் தர்றேன், தோத்தா இத்தோட கைகழுவிருவேன்னு மசாலாக்காரரு மைக்குலயே சொல்லிட்டாரு. அதுவரைக்கும் மேட்ச் எல்லாம் கொச்சியில, சென்னையில, லீக்கு ஆளுங்களே டேபிள்ல உக்காந்தாய்ங்க, காதுல ஒயர மாட்டிக்கிட்டு சின்னப் பசங்க. இந்த ஒரு மேட்ச்சுதான் எங்க ஊர்ல. டேபிளுக்கு உள்ளூர் ஆளு வேணும்னாய்ங்க. வேற யாரு?

ஒரு மாசத்துக்கு முன்னாடி லீக்குல இருந்து ஒரு காயிதம் வந்துச்சு. டேபிள் ஆளுங்களுக்கு திண்டுக்கல்ல ஒருநாள் கிளாஸு, புது ரூலு சொல்லித் தர்றோம், கட்டாயம் வரணும்னு. நான் அதுலயே வடைய வச்சுத் தின்னுட்டுத் தூக்கிப் போட்டேன். திண்டுக்கல்ல எவன் இருக்கான் எனக்குச் சொல்லிக் குடுக்க? நான் எழுத ஆரம்பிச்சப்ப அவிங்கெல்லாம் பொறந்தே இருக்க மாட்டாய்ங்க.

ரெஃப்ரி விசில் அடிச்சா டேபிளப் பாத்து ஓடி வந்து எந்த நம்பர் ஃபவுல் பண்ணுச்சுன்னு விரல்ல காட்டுவான். அத வச்சுத்தான் நான் எழுதணும். எங்க காலத்துல நாலுல இருந்து பதினஞ்சு வரைக்கும்தான் நம்பரு. ஒரு கையில அஞ்சு, இன்னொரு கையில நாலு காட்டுனா ஒம்போது. கூட்டிக்கணும், அம்புட்டுத்தான். பதினொண்ணுல இருந்து மேலன்னா ஒரு கைய மூடிக்குவான், அது பத்து. கேலரியில எம்புட்டுச் சத்தம் இருந்தாலும் எனக்குக் காது தேவையில்ல. விரலப் பாத்தேன்னா பேனா தானாப் போகும்.

இருவத்திநாலுக்கு எப்படிக் காட்டுவான்னா கேக்குறீங்க? அதான் லீக்குக்காரய்ங்க புதுசா தொண்ணூத்தொம்போது வரைக்கும் நம்பர் குடுத்துக் கூத்தடிச்சாய்ங்களே. ரெஃப்ரி மூணாவது குவார்ட்டர்ல ஒருதரம் இப்படிக் காட்டுனான். ரெண்டு விரலு, அப்புறம் நாலு விரலு. நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டும் நாலும் ஆறு. ஆறாம் நம்பரு, ரைவோ, எழுதிட்டேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? புறங்கையக் காட்டுனானா உள்ளங்கையக் காட்டுனானான்னா? தாயி, புறங்கைன்னாலும் உள்ளங்கைன்னாலும் விரலு விரலுதான். நீங்க காலேஜ் டீமுல ஆடுனீங்களா, இருக்கட்டும். சந்தோசம். நீங்க ஆடுன வருசத்த விட நான் மாத்துன பேனா ஜாஸ்தி.

அந்தப் பய அப்பவே ஆரம்பிச்சுட்டான். ஒருத்தனுக்கு ஃபவுல் விழுந்தா அது எத்தனாவதுன்னு நாங்க ஒரு அட்டயத் தூக்கிக் காட்டணும். நான் மூணுன்னு தூக்குனேன். ரைவோ அங்க இருந்தே ஒரு விரலக் காட்டுறான். ஒண்ணுதான்கிறான். நான் மூணு விரலக் காட்டுனேன். தோளக் குலுக்கிட்டுப் போயிட்டான். சண்ட போடத் தெரியாதவன் என்ன பிளேயரு? அடுத்து ஒண்ணு, நாலாச்சு. கடைசி குவார்ட்டர்ல ரெண்டு நிமிசம் பாக்கி இருக்கு, நாங்க மூணு பாயிண்டு முன்னாடி. எதிர் டீம் அமெரிக்காக்காரன் உள்ள வர்றான், ரைவோ குறுக்க கைய நீட்டிட்டான். விசிலு. அது உண்மையான ஃபவுலு, அவனே ஒத்துக்கிட்டான். நான் செவப்பு அட்டயத் தூக்குனேன். அஞ்சு.

பிரிட்டோ நோட்டத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தான், என் நோட்டுல மூணுதான் இருக்குங்கிறான். கோச்சு நோட்டுக்கு என்ன மதிப்பு? மளிகக்கட சிட்டைக்குச் சமானம். ரெஃப்ரி வந்தான், சின்னப் பைய, கோயம்புத்தூரு. குனிஞ்சு என்கிட்ட, 'சார், நீங்க நிச்சயமாச் சொல்றீங்களா?'ன்னு கேட்டான்.

நான் பேனாவ மூடி டேபிள்ல வச்சேன். 'தம்பி, முப்பத்தொரு வருசம்'னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். அவன் திரும்பிப் போயிட்டான்.

ரைவோ என் முன்னாடி வந்து நின்னான். வேர்வ ஷீட்டுல சொட்டப் போகுதேன்னு நான் கைய வச்சு மறச்சுக்கிட்டேன். நெஞ்சத் தொட்டு, மூணு விரலக் காட்டி, 'மீ, த்ரீ'ன்னான். ரெண்டு தரம் சொன்னான். கத்தல. அப்புறம் கைய நீட்டுனான், குலுக்க. ஆட்டத்த விட்டு வெளிய போறப்ப டேபிளுக்குக் கை குடுத்துட்டுப் போறது அவன் ஊரு வழக்கமாம். நான் எழுதிக்கிட்டு இருந்தேன். எழுதிக்கிட்டேதான் இருந்தேன். கொஞ்ச நேரம் நீட்டிக்கிட்டு நின்னுட்டுப் போயி பெஞ்சுல உக்காந்துட்டான்.

அப்புறம் என்ன, மூணு பாயிண்டும் போச்சு. எழுவத்திரெண்டுக்கு எழுவத்தொண்ணு, நாங்க ஒண்ணு கம்மி. நாலு செகண்ட் இருக்கு. கிஷோர அடிச்சுட்டாய்ங்க, ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு போட்டா சமம், ரெண்டு போட்டா ஜெயம். ரெண்டுமே வளையத்துல பட்டு வெளிய வந்துச்சு. பாவம், சின்னப் பைய. அவன் மேல ஒரு குத்தமும் இல்ல.

சனத்துக்குப் பழி போட யாராச்சும் வேணும்ல. தண்ணி பாக்கெட்டா எறிஞ்சாய்ங்க ரைவோ மேல. அவன் ஒரு துண்டத் தலைக்குப் போட்டுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தான். டீக்கடையில வந்து ஏண்ணே இப்படி ஆச்சுன்னு கேட்டாய்ங்க. நான் ஒரே ஒரு வார்த்ததான் சொன்னேன். இத்தன வருசம் அஞ்சு வாங்காதவன் அன்னைக்கு மட்டும் வாங்குறான்னா சும்மாவா வாங்குவான்னு. மிச்சத்த ஊரு சொல்லிக்கிச்சு. எதிர் டீமுகிட்ட வெள்ளக்காரன் கை நீட்டிக் காசு வாங்கிட்டான்னு மறுநா காலைக்குள்ள கம்பம் வரைக்கும் பேச்சு. லாட்ஜுக்காரன் அவன் பெட்டியத் தூக்கி வெளிய வச்சுட்டான். இந்தா, இந்த மூணாவது பிளாட்பாரத்துலதான் மதுர வண்டியேறுனான். நான் டயம் எழுதிக்கிட்டு இருந்தேன். என்னப் பாத்து தலைய ஆட்டுனான். நான் வண்டி நம்பரப் பாத்தேன்.

மசாலாக்காரரு சொன்ன மாதிரியே கைகழுவுனாரு. லீக்கு எடம் போச்சு. மே மாச டோர்னமெண்டும் நின்னு போச்சு. கோர்ட்டுல இப்ப கார் நிப்பாட்டுறாய்ங்க, போர்டு கழட்டி விறகுக்குப் போச்சு. நாப்பத்திமூணு வருசக் கிளப்பு. ஒரு வெள்ளக்காரப் பயலோட கொழுப்புல அழிஞ்சுச்சு. இப்ப அவனுக்குப் புஸ்தகத்துல பக்கம் சுத்தமா இருக்கணுமாம். ஒம்போது வருசம் கழிச்சு ஆள அனுப்புறான்.

என்னது, வீடியோவா? ஆமா, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்குற செல்வராஜ மசாலாக்காரரு ஏற்பாடு பண்ணியிருந்தாரு. சிடிய எல்லாப் பிளேயருக்கும் குடுத்தாய்ங்க. அத அவன் இத்தன வருசம் பாக்கவே இல்லையா? பாக்க மனசு வரலையா. இப்பப் புஸ்தகத்துக்குப் போட்டோ வேணும்னு போட்டுப் பாத்தானாக்கும். சரி காட்டுங்க. எனக்கென்ன பயமா? நல்லாக் காட்டுங்க.

போன கொஞ்சம் சாச்சுப் புடிங்க, வெயிலடிக்குது. இது யாரு, நானா? முதுகு எப்படி நேரா உக்காந்திருக்கேன் பாருங்க. இப்ப எந்தப் பய அப்படி உக்காருறான்? இந்தா விசிலு. ரெஃப்ரி ஓடி வர்றான். ரெண்டு. நாலு. ஆறு. நான் எழுதுறேன். பாத்தீங்கள்ல, அவன் காட்டுனதத்தான் நான்...

இருங்க. கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறது யாரு? ஃபவுல் பண்ணவன் தானா கையத் தூக்கணும்னு பிரிட்டோ பழக்கி வச்சிருந்தான். திரும்பப் போடுங்க. முதுகக் காட்டுறான் பாருங்க, நிப்பாட்டுங்க. ரெண்டு. நாலு. கிஷோரு. அந்த வெள்ளக்காரன் எங்க? அவன் அந்தக் கோடியில வளையத்துக்குக் கீழ நிக்கிறான். இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறான். அங்க இருந்து இங்க இருக்குறவன எப்படித் தள்ள முடியும்?

இன்னொண்ணு ரெண்டாவது குவார்ட்டர்லயா? அதையும் காட்டுங்க.

போதும். அமத்துங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தாயி. புறங்கைன்னா பத்து எடம், உள்ளங்கைன்னா ஒண்ணு எடம். புரியுது. இதச் சொல்லிக் குடுக்கத்தான் திண்டுக்கல்லுக்குக் கூப்புட்டாய்ங்களாக்கும். அந்த ரெஃப்ரிப் பய வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. சொன்னானா? வீடியோவுல வாயசையுதா. சத்தத்துல எனக்குக் கேக்கல. காது தேவையில்லன்னு நான்தான் இருந்தேன்.

காயிதத்த எடுங்க. என்ன எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லுங்க. 'ஆறாம் எண் வீரருக்குத் தவறாகப் பதிவான இரண்டு ஃபவுல்கள் நீக்கப்படுகின்றன.' அப்படி எழுதக் கூடாது. யாரு எழுதுனது, அவிங்க கிளப்பு செக்கரட்டரியா? அவனுக்கும் ஒண்ணும் தெரியல. நடந்த ஃபவுல நீக்க முடியாது தாயி. விசில் அடிச்சாச்சு, எங்கயாச்சும் எழுதித்தான் ஆகணும். இங்க இருந்து எடுத்தா உரியவன் பேருக்கு நேரா போடணும். அதான் முறை. இருவத்திநாலுக்குப் போடுங்க.

அவனுக்கு ஏற்கனவே மூணு. இந்த ரெண்டையும் சேத்தா அஞ்சு. அப்ப அவன் வெளிய. எப்ப வெளிய? அவனோட கடைசி ஃபவுல் நாலாவது குவார்ட்டர் ஆரம்பத்துல, ஏழு நிமிசம் இருக்குறப்ப. அப்ப ஏழு நிமிசத்துலயே கிஷோர் பெஞ்சுக்குப் போயிருக்கணும். ரைவோவுக்கு மூணுதான், அவன் உள்ள இருப்பான். அந்த மூணு பாயிண்டு அப்படிப் போயிருக்காது. போயிருந்தாலும் கடைசிப் பந்து கிஷோர் கைக்கு வராது, ரைவோ கைக்குத்தான் போயிருக்கும். அவனத்தான் அடிச்சிருப்பாய்ங்க. அவன்தான் அந்தக் கோட்டுல போயி நின்னிருப்பான். நூத்துக்குத் தொண்ணூத்தினாலு போடுறவன்.

ஜெயிச்சிருக்கோம் தாயி.

நாங்க ஜெயிச்சிருக்கோம். கிளப்பு இருந்திருக்கும். நான் அவன் கையக்கூடப் புடிக்கல. அவன் காசு வாங்கிட்டான்னு வேற சொன்னேன். கிளப்ப அழிச்சது எவன்னு ஒம்போது வருசமா ஒவ்வொருத்தனாத் திட்டிக்கிட்டு இருந்தேன், பிரிட்டோவ, மசாலாக்காரர, அந்த மனுசன. வெக்கமா இருக்கு.

உங்க வண்டி உள்ள வந்துருச்சு, ஏறி எடம் போட்டுட்டு வாங்க. வேணாம், நில்லுங்க, இப்பவே போட்டுர்றேன். அந்த நீக்கப்படுகின்றனங்கிற எடத்த மட்டும் அடிச்சுட்டு மேல 'இருபத்து நான்காம் எண்ணுக்கு மாற்றப்படுகின்றன'ன்னு எழுதியிருக்கேன். அடிச்ச எடத்துல பக்கத்துல சின்னக் கையெழுத்து, கீழ பெரிய கையெழுத்து. தனுஷ்கோடி, ஸ்கோரர். ரைவோவுக்கு அஞ்சு இல்ல, மூணு. அவன் சொன்னதுதான் சரின்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேறயும் என்னமாச்சும் சொல்லணும்தான். எனக்கு வரல, நீங்களே பாத்துச் சொல்லிருங்க.

ஒண்ணே ஒண்ணு தாயி. அவன் ஊருப் புஸ்தகத்துல எம்புட்டுப் பெருசா வேணும்னாலும் போட்டுக்கட்டும். இந்த ஊர்ல மட்டும் யாருக்கும் காட்டிப்புடாதீங்க. செத்தா என்னத் தூக்குறதுக்கு நாலு பேரு வேணும்.